கேடயம் சுமப்பதும் கேடயம் தடுப்பதும்

கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் ஊர்க் கோயில் திருவிழா அழைப்பிதழில் "காலை கேடயத்தில் சுவாமி புறப்பாடு" என்று போட்டிருக்கிறது. பள்ளி விளையாட்டு விழாவில் கேடயம் பரிசு கொடுக்கிறார்கள். உயிரியல் பாடத்தில் தைராய்டுக்குக் கேடயச் சுரப்பி என்று பெயர். வாளைத் தடுக்கிற கேடயம்தானா இதெல்லாம், இல்லை வெவ்வேறு சொற்கள் எப்படியோ ஒரே மாதிரி வந்துவிட்டனவா, பழைய தமிழில் கேடயத்துக்கு என்ன பெயர், ஷீல்டு என்று ஆங்கிலத்தில் வரும் இடத்தில் எல்லாம் கேடயம் என்று எழுதிவிடலாமா?

ஒரே சொல்தான் தம்பி. ஆனால் பழைய தமிழில் என்ன பெயர் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் மற்றவை விளங்கும். ஏனென்றால் அப்போது இருந்த பெயர்களில் பெரும்பாலானவை "தடுக்கும் கருவி" என்று பொருள் தருபவையே அல்ல. தோல், பலகை, கிடுகு, வட்டணை. எதனால் செய்தார்களோ, எந்த உருவத்தில் இருந்ததோ, அதையே பெயராக வைத்துவிட்டார்கள். அப்புறம் வந்த கேடயம் என்ற சொல்லைத் தமிழ்க் காதுக்குக் கேட்டால் அதற்குள் தோலும் தெரியாது, மரமும் தெரியாது. எந்தப் பொருளோடும் ஒட்டாத சொல்லாக இருந்ததால்தான் அது கோயிலுக்கும் பள்ளிக்கும் தொண்டைக்கும் போக முடிந்தது என்று நான் நினைக்கிறேன். முன்பு மற்றப் பொருள்கள் கேடயத்துக்குப் பெயர் கொடுத்தன, இப்போது கேடயம் மற்றப் பொருள்களுக்குப் பெயர் கொடுக்கிறது.

முதலில் தோல். சங்கப் பாட்டில் போர் பேசப்படும் இடத்தில் "தோல்" என்று வந்தால் அதை உடம்புத் தோல் என்று எடுத்துக்கொண்டால் பாட்டு பிடிபடாது. புறநானூற்றின் 4ஆம் பாட்டைப் பாருங்கள். சோழன் உருவப் பஃறேர் இளஞ்சேட்சென்னியைப் பரணர் பாடியது. களத்தில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகிறார். வாள்கள் குருதிக் கறை பட்டு அந்திச் செவ்வானம் போல இருக்கின்றன. வீரர்களின் கழல்கள் தேய்ந்து, கொல்லும் ஏற்றின் கொம்பு போல ஆகிவிட்டன. அடுத்து "தோல் துவைத்து அம்பின் துளை தோன்றுவ, நிலைக்கு ஒராஅ இலக்கம் போன்றன" என்கிறார். கேடயங்களில் அம்பு தைத்த ஓட்டைகள் தெரிகின்றன, குறி தப்பாமல் அடித்துப் பழக நட்டு வைத்த இலக்குப் போல இருக்கின்றன என்று அர்த்தம். ஒரு பயிற்சிக் களத்தில் நாள் முழுக்க அம்பு வாங்கிய பலகையை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் படம். இதில் எனக்குப் பிடித்தது, கேடயம் காப்பாற்றியது என்று அவர் சொல்லவே இல்லை. துளையைத்தான் காட்டுகிறார். அந்தப் பாட்டு முடியும்போது பகைவர் நாடு தாயில்லாக் குழந்தை போல ஓயாமல் அழுகிறது, அங்கே தடுக்க எந்தத் தோலும் இல்லை.

தொல்காப்பியத்தின் புறத்திணையியலில், கோட்டையை முற்றுகையிடும் உழிஞைத் திணையைச் சொல்லும்போது "தோலின் பெருக்கம்" என்று ஒரு துறை வருகிறது. மதிலை ஏறப் போகிற படை, மேலேயிருந்து மழையாக வரும் அம்பைத் தடுக்கக் கேடயங்களைப் பெருக்கிக்கொண்டு போவது. ரோமானியப் படையும் இதையேதான் செய்தது, கேடயங்களைத் தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் ஒட்ட வைத்து ஓடு போல நகர்ந்தது, அந்த அணிவகுப்புக்கு ஆமை என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

தோலால் செய்ததால் தோல், இது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. நாம் சருமம் என்று சொல்கிறோமே, அதன் மூலமான வடசொல்லுக்கும் தோல், கேடயம் என்று இரண்டு பொருளும் உண்டு. பலகைக்கும் அப்படியே, வடமொழியில் பலகம் என்றால் மரப்பலகை, கேடயமும் அதுதான், தமிழ் நிகண்டுகளிலும் பலகை கேடயத்தின் பெயர்களில் ஒன்று. ஆப்பிரிக்காவில் எசுவாத்தினி நாட்டுக் கொடியின் நடுவில் ஒரு கேடயம் கிடையாக இருக்கும், கறுப்பும் வெள்ளையுமாக. அது மாட்டுத் தோல் கேடயம். கென்யக் கொடியில் இருப்பது மாசாய் மக்களின் கேடயமும் இரண்டு ஈட்டிகளும். மாடு வளர்த்த எல்லா இடத்திலும் முதல் கேடயம் மாட்டின் முதுகிலிருந்துதான் வந்திருக்கும் போல.

வட்டணை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, வட்டமாக இருந்தது, அவ்வளவுதான்.

கிடுகு பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல்லைச் சொன்னால் யாரும் வாளையும் போரையும் நினைக்க மாட்டார்கள். பின்னிய தென்னோலை, கூரை வேய்வதற்கும் வேலி அடைப்பதற்கும். நாம் இங்கே கீற்று என்போம். பின்னுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் மறக்க முடியாது. காய்ந்த ஓலையை அப்படியே பின்னினால் ஒடிந்துவிடும், அதனால் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். ஊறிய ஓலையின் மட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தரையில் போட்டு, மட்டை மேலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு இலையை விட்டு ஒரு இலையை மடித்து மேலும் கீழுமாகச் செருகிக்கொண்டே நகர்வார்கள். கை ஓடும் வேகத்தில் கண்ணுக்கு எந்த இலை எதற்குள் போனது என்று பிடிபடாது. முடிந்ததும் ஒரு விளிம்பில் விறைப்பான மட்டை, மறுபுறம் முழுக்கப் பின்னல், கையில் தூக்கிப் பிடித்தால் ஆள் மார்பை மறைக்கிற அகலம். வேலியில் கட்டினால் காற்று புகும், பார்வை புகாது.

இப்போது இந்தப் படத்தோடு பட்டினப்பாலைக்குப் போங்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் பரதவர் குடியிருப்பைச் சொல்கிற இடம். தாழ்ந்த கூரை வீடுகள், அவற்றின் மேல் நீளமான தூண்டில் கழிகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அது எதுபோல இருக்கிறது? "கிடுகு நிரைத்து எஃகு ஊன்றி நடுகல்லின் அரண் போல" இருக்கிறது. செத்த வீரனுக்கு நட்ட கல்லைச் சுற்றிக் கேடயங்களை வரிசையாக நிறுத்தி, வேல்களை ஊன்றி வேலி கட்டுவார்கள், அந்த அரண் போல என்கிறார் புலவர். தூண்டில் கழிக்கு வேல். கூரைக்குக் கிடுகு. இந்த வரியில் கிடுகு என்றால் கேடயம்தான், அதில் சந்தேகமில்லை, ஆனால் எந்த வீட்டைப் பார்த்து அவருக்குக் கேடய வேலி நினைவுக்கு வந்தது என்று யோசித்தால், ஓலைக் கூரை போட்ட குடிசையைப் பார்த்துத்தான் வந்திருக்கிறது. பின்னிய தட்டி என்ற ஒரே உருவம் இரண்டு பொருளுக்கும் அடியில் இருக்கிறது. வீரனின் கல்லுக்கு வேலியாக நின்ற கிடுகும், யாழ்ப்பாணத்துக் கிணற்றடிக்கு மறைப்பாக நின்ற கிடுகும் செய்த வேலை ஒன்றுதான். தேரின் மேல் தட்டைச் சுற்றியிருக்கும் மரச் சுற்றுக்கும் கிடுகு என்று பெயர் உண்டு.

பின்னிய கேடயம் என்பது ஏதோ பழங்காலச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். இந்தியக் காவல்துறையினர் கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போகும்போது நெடுங்காலம் பிரம்பால் பின்னிய கேடயத்தைத்தான் பிடித்தார்கள். இப்போதுதான் கண்ணாடி மாதிரி ஊடுருவிப் பார்க்கிற பிளாஸ்டிக் கேடயம் பரவலாகிவிட்டது. பிரம்புக் கேடயத்தின் பின்னலை அருகில் பார்த்தால் கூடை முடைகிறவரின் கை தெரியும். கல் வந்து விழுந்தால் பிரம்பு சற்றே உள்வாங்கி வேகத்தை விழுங்கிவிடும், உடையாது.

பரிசை என்றும் ஒரு பெயர் உண்டு. இது தமிழில் அகராதியோடு நின்றுவிட்டது, மலையாளத்தில் உயிரோடு இருக்கிறது. களரியில் வாளும் பரிசையும் சேர்ந்தே ஒரு பயிற்சி. கேரளத்துச் சிரியன் கிறித்தவர்கள் ஆடும் பரிசமுட்டுக்களி என்ற ஆட்டத்தில் வாளையும் கேடயத்தையும் தாளத்தோடு மோதவிட்டு ஆடுவார்கள். நாம் தொலைத்த சொல்லைப் பக்கத்து வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறேன்.

சரி, கேடயம். இதன் மூலம் வடமொழிக் கேடகம். இடையில் உள்ள ககரம் இளகி யகரமாகிக் கேடயம் ஆனது. "கேட்டைத் தடுப்பதால் கேடயம்" என்று மேடையில் விளக்கம் சொல்வார்கள், கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கேடகம் என்ற மூத்த வடிவத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பிரிப்பு நிற்காது. சிற்பிகள் இன்றும் பழைய வடிவத்தையே சொல்கிறார்கள். ஒரு துர்க்கைச் சிலையின் கைகளை எண்ணும்போது கட்கம், கேடகம் என்று இணையாக வரும், அதாவது வாளும் கேடயமும். மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி குகைக்குப் போனால் சிங்கத்தின் மேலிருந்து தேவி வில் வளைக்கும் காட்சியை எல்லோரும் பார்ப்பார்கள். கூடவே சுற்றி நிற்கிற குட்டைக் கணங்களையும் பாருங்கள், அவர்கள் கைகளில் வாளும் கேடயமும் இருக்கும்.

இப்போது உங்கள் அழைப்பிதழ். சுவாமியைச் சுமந்து வீதிக்குக் கொண்டுவரப் பல சாதனங்கள் உண்டு. பெரிய நாள்களில் தேர், இடப வாகனம், கருட சேவை. அவ்வளவு கனமில்லாத புறப்பாட்டுக்குப் பல்லக்கு, சப்பரம், தோளுக்கினியான், கேடயம். கேடயம் என்பது தண்டுகளில் வைத்துத் தோளில் தூக்குகிற தட்டையான பீடம், சுவாமிக்குப் பின்னால் வளைந்த திருவாசியோடு இருக்கும். வெள்ளித் தகடு போர்த்தினால் வெள்ளிக் கேடயம். தென்மாவட்டங்களில் கேடயச் சப்பரம் என்றும் சொல்வார்கள். வடிவத்தால் வந்த பெயர் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன், தட்டையாக, கையில் தூக்க வாகாக, அலங்காரத் தகடு போட்டு மின்னுகிற ஒரு பொருளுக்குக் கேடயம் என்று பெயர் வந்ததில் வியப்பில்லை.

தடுக்கிற பொருள் எப்படிச் சுமக்கிற பொருளாகும் என்று உங்களுக்கு உறுத்தினால் ஒன்று சொல்கிறேன். இதற்கும் நம் கோயிலுக்கும் தொடர்பு இல்லை, ஆனால் கேடயத்தைச் சுமக்கவும் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. கி.பி. 360இல் பாரிசில் ரோமானியப் படைவீரர்கள் தங்கள் தலைவன் ஜூலியனைப் பேரரசனாக அறிவித்தபோது அவனை ஒரு காலாட்படைக் கேடயத்தின் மேல் நிற்க வைத்துத் தோளுக்கு மேலே தூக்கினார்கள். ஸ்பார்ட்டாவில் மகனைப் போருக்கு அனுப்பும் தாய், கேடயத்தோடு வா, இல்லையென்றால் கேடயத்தின் மேல் வா என்பாள் என்று ஒரு பேச்சு உண்டு. செத்த வீரனைக் கேடயத்தில் கிடத்திக் கொண்டுவருவார்கள். தட்டையாகவும் உறுதியாகவும் ஒன்று கையில் இருந்தால் மனிதர்கள் அதில் எதையாவது சுமக்கத்தான் செய்வார்கள்.

பரிசுக் கேடயம் நேராக ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே பிரபுக் குடும்பங்கள் தங்கள் குலச் சின்னத்தைக் கேடயத்தின் மேல் தீட்டினார்கள், முகம் மூடிய வீரனை அடையாளம் காண அதுதான் வழி. போர் முறை மாறிய பிறகும் சின்னம் வரைகிற வடிவமாகக் கேடயம் தங்கிவிட்டது. மேலே நேராக, கீழே கூராக, பள்ளிக் கூடச் சட்டைப் பையில் தைத்திருக்கிறதே, அந்த வடிவம். அதிலிருந்து பரிசுக்கு ஒரு எட்டுதான். 1891-92இல் ஆங்கிலக் கிரிக்கெட் அணியை ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போன ஷெஃபீல்டு பிரபு 150 பவுண்டு கொடுத்துவிட்டு வந்தார், அதில் ஒரு கேடயம் செய்து மாகாணங்களுக்குள் போட்டி வைத்தார்கள், ஷெஃபீல்டு ஷீல்டு இன்றும் நடக்கிறது. அதே காலத்தில், 1893இல், கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. (இந்தியக் கால்பந்துச் சங்கம்) ஷீல்டு போட்டி தொடங்கியது. 1911இல் அதன் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவு அணியை 2-1 என்று வென்றது. மோகன் பகானின் பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள், எதிரணி பூட்ஸ் போட்ட சிப்பாய்கள். ஆட்சி செய்கிறவர்களின் ஒரு படை அணியைத் தோற்கடித்து, கையில் எடுத்துக்கொண்டு போன பொருளும் ஒரு கேடயம் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

நம் பள்ளிகளின் சுழற்கேடயம் இந்த வழியில் வந்ததுதான். தலைமையாசிரியர் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்ததை எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் மெருகு போட்ட தேக்குப் பலகை. நடுவில் பெரிய வெள்ளித் தகடு, அதில் கொடுத்தவர் பெயர். அதைச் சுற்றிக் கட்டைவிரல் அளவில் குட்டிக் குட்டித் தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கேடய வடிவம், மெல்லிய ஆணியால் அடித்தது, ஒவ்வொன்றிலும் ஒரு வருடமும் வென்ற அணியின் பெயரும். பழைய தகடுகள் கறுத்துப்போய் எழுத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். ஓரத்தில் சில தகடுகள் இன்னும் வெறுமையாக இருக்கும், இனி வெல்லப்போகிறவர்களுக்கு. ஒரு வருடம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும், அதனால்தான் சுழற்கேடயம். இப்போது அக்ரிலிக்கில் செய்து பொன்னாடையோடு சேர்த்துக் கொடுக்கும் நினைவுக் கேடயம் பலவற்றில் கேடய வடிவமே இல்லை, ஆனாலும் அதற்குப் பெயர் கேடயம்தான். அங்கே சொல் முழுசாகப் பரிசு என்ற பொருளுக்கு மாறிவிட்டது.

கேடயச் சுரப்பிக்கு வருவோம். கிரேக்கர்கள் நீள்சதுரமான பெரிய கேடயத்துக்கு வைத்த பெயர் கதவு என்ற சொல்லிலிருந்து பிறந்தது. கதவு மாதிரி ஆளை மறைக்கிற கேடயம், நம் பலகை போலவே பார்த்த பொருளை வைத்துக் கட்டிய பெயர். உங்கள் தொண்டையின் முன்பக்கம் விரலை வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒரு குருத்தெலும்பு தட்டுப்படும், விழுங்கும்போது மேலே போய்க் கீழே வரும், அதன் மேல் விளிம்பில் நடுவே ஒரு பள்ளம். அந்தக் குருத்தெலும்பு கேடயம் போல இருக்கிறது என்று கிரேக்க மருத்துவர்கள் தைராய்டு என்றார்கள், கேடயம் போன்றது என்பதுதான் பொருள். சுரப்பி அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது, வடிவத்தில் பட்டாம்பூச்சியைப் போல, அதில் கேடயச் சாயலே கிடையாது. 1656இல் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பக்கத்துக் குருத்தெலும்பின் பெயரைச் சுரப்பிக்கும் வைத்துவிட்டார். ஆக, கேடயச் சுரப்பி எதையும் தடுப்பதில்லை. உடல் எவ்வளவு வேகத்தில் எரிபொருளைச் செலவழிக்க வேண்டும் என்பதை ஒழுங்கு செய்யும் சுரப்பி அது. "உடலைக் காப்பதால் கேடயச் சுரப்பி" என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

தாவரவியலில் கேடய வடிவ இலை என்று ஒரு வகை உண்டு, இது மிகப் பொருத்தமான பெயர். மா, அரசு போன்றவற்றில் காம்பு இலையின் ஓரத்தில் சேரும். தாமரையில் அப்படியில்லை, காம்பு இலையின் அடிப்பக்கம் நட்டநடுவில் போய் முட்டும். ஒரு தாமரை இலையைக் காம்போடு பிடித்துப் பாருங்கள், கேடயத்தின் பின்னாலிருக்கும் பிடியைப் பிடித்தது போலவே இருக்கும். ஆமணக்கு இலையும் இந்த வகைதான். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மண்ணுக்குள் வாழும் ஒரு பாம்புக் குடும்பத்துக்கு வைத்த அறிவியல் பெயருக்குக் கேடயவால் என்று பொருள். வால் நுனி வெட்டிவிட்டது போல மொட்டையாக, சொரசொரப்பான தட்டாக இருக்கும், அதில் மண் ஒட்டிக்கொண்டு வளைக்கு அடைப்பாகும். விஷமில்லாத சாது, தோட்டத்தில் வந்தால் அடிக்காதீர்கள்.

கேடய எரிமலை, கேடயப் பாறை எல்லாம் கவிழ்த்து வைத்த கேடயத்தின் மெல்லிய வளைவை வைத்து வந்தவை. ஹவாயின் மௌனா லோவா எரிமலை 4,169 மீட்டர் உயரம், ஆனால் எரிமலைக் குழம்பு நீர்த்து ஓடிப் பரவியதால் சரிவு மிக மெதுவாக ஏறும். கனடாவைப் போல நம் தீபகற்பமும் புவியியலில் ஒரு பழங்கேடயம், அதாவது மிகப் பழைய பாறையால் ஆன பரந்த நிலப்பகுதி. பரங்கிமலை, பல்லாவரம் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானவை. வானத்திலும் ஒன்று இருக்கிறது. வியன்னாவை முற்றுகையிலிருந்து 1683இல் மீட்ட போலந்து மன்னன் சோபியெஸ்கியின் நினைவாக, அடுத்த ஆண்டே ஹெவிலியஸ் என்ற வானியலாளர் சிறிய விண்மீன் கூட்டம் ஒன்றுக்குக் கேடயம் என்று பெயர் வைத்தார். ஆடி கடைசியில் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கு வானில் உயரத்தில் தேடலாம், மங்கலானது, நகர வெளிச்சத்தில் தெரியாது.

கடைசியாக, ஷீல்டு என்றால் எல்லா இடத்திலும் கேடயமா? இல்லை. இங்கேதான் கவசம் குறுக்கே வருகிறது, நிறைய மொழிபெயர்ப்புகள் இதில் சறுக்குகின்றன. கவசம் உடம்போடு ஒட்டியிருப்பது. கர்ணன் கவசத்தோடு பிறந்தான் என்கிறோம், யாராவது அவன் கேடயத்தோடு பிறந்தான் என்பார்களா? தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் உச்சி முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பாகக் காக்கச் சொல்கிறது, அதனால் அது கவசம், அதைக் கேடயம் என்று சொல்லவே முடியாது. சங்கத் தமிழில் இதற்கு மெய்ம்மறை என்று அருமையான சொல் இருந்தது. பதிற்றுப்பத்தின் 14ஆம் பாட்டுக்கே "சான்றோர் மெய்ம்மறை" என்றுதான் பெயர், சேரன் தன் வீரர்களின் உடம்புக்குக் கவசம் போன்றவன் என்று பாராட்டுவது. கேடயம் உடம்பிலிருந்து தள்ளி, கையில் இருப்பது, அடி எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் திருப்ப வேண்டும், அதைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். இதை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். விண்கலத்தின் மேல் ஒட்டியிருப்பது வெப்பக் கவசம். முகத்தில் மாட்டுவது முகக்கவசம். காவலர் கையில் பிடிப்பது கேடயம். மின்கம்பியைச் சுற்றி உலோக வலை இருந்தால் அது இரண்டுமில்லை, உறை என்று எழுதினாலே போதும்.

பேச்சு வழக்கிலும் பிடித்திருக்கிற அந்த ஆள் முக்கியம். "அண்ணன் எங்களுக்குக் கேடயமாக நின்றார்" என்றால் பாராட்டு. "சட்டத்தைக் கேடயமாகப் பயன்படுத்திக்கொண்டான்" என்றால் குற்றச்சாட்டு. கேடயம் ஒன்றுதான், நின்றாரா, பயன்படுத்தினாரா என்ற வினை எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

மனிதக் கேடயம் என்ற தொடரைக் கவனமாக எழுத வேண்டும் என்று நான் சொல்வதற்கும் காரணம் இதுதான். 2009இல் வன்னிப் போரின்போது அந்தத் தொடரைச் செய்தியில் கேட்காத நாளில்லை. போர்ச் சட்டத்தில் இதற்குத் தெளிவான இடம் இருக்கிறது. 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, 28ஆம் பிரிவில், பாதுகாக்கப்பட வேண்டிய மக்களை ஓர் இடத்தில் வைத்து அந்த இடத்தைத் தாக்குதலிலிருந்து தப்பவைக்கக் கூடாது என்கிறது. 1977ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறையின் 51ஆம் பிரிவு இதை விரித்துச் சொல்லிவிட்டு உடனே இன்னொன்றும் சொல்கிறது. ஒரு தரப்பு இப்படிச் செய்தாலும், பொதுமக்கள் விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு உள்ள கடமைகள் நீங்கிவிடாது. நிறுத்தியவர் செய்தது குற்றம், அதைச் சாக்காக வைத்துச் சுடுவதும் குற்றம். செய்தியில் "மனிதக் கேடயமாக இருந்த மக்கள்" என்று எழுதுகிறார்கள், அவர்களே விரும்பி வந்து நின்றது போல. நீங்கள் எழுத நேர்ந்தால் "கேடயமாக நிறுத்தப்பட்ட மக்கள்" என்று எழுதுங்கள், நிறுத்தியது யார், சுட்டது யார் என்று தெரிந்தால் இரண்டையும் அதே வாக்கியத்தில் போடுங்கள்.